பால் பாக்கெட்டும் நெய்க் கரண்டியும்

கேள்வி: என் கணவருக்கு 56 வயது. போன மாதப் பரிசோதனையில் எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்பு 168. டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, கொழுப்பைக் குறைக்கச் சொன்னார். உடனே ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டை நிறுத்தி, கொழுப்பு குறைந்த நீலத்துக்கு மாறினேன். "இது காபியா, கழுநீரா?" என்கிறார் மாமியார். இவரோ, கொழுப்பு எடுக்காத பால்தான் இதயத்துக்கு நல்லது என்று யூடியூபில் பார்த்துவிட்டு மாத்திரையையும் நிறுத்திவிட்டார். பருப்பு, இட்லிப்பொடிக்கெல்லாம் எப்போதும்போல வீட்டில் காய்ச்சிய சுத்தமான நெய்தான். ஒன்றரை வயதுப் பேத்தியும் இருக்கிறாள். எந்தப் பால் வாங்குவது?
- ஒரு வாசகி, கரூர்

பதில்: முதலில் மாத்திரை. நிறுத்தியதை இன்றைக்கே டாக்டருக்குப் போன் போட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பால் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

யூடியூபில் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. 2018-ல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. இந்தியா உட்பட 21 நாடுகளில் 1,36,000-க்கும் மேற்பட்டவர்களைச் சுமார் 9 ஆண்டுகள் கவனித்தார்கள். தினமும் பால், தயிர் நன்றாகச் சேர்த்துக்கொண்டவர்களுக்கு, அவற்றைத் தொடாதவர்களைவிடப் பக்கவாதம் குறைவாக இருந்தது. கொழுப்பு எடுக்காத பாலும் கெடுதல் செய்ததாகத் தெரியவில்லை. ஆனால் தினமும் பால் வாங்க முடிகிற வீட்டில் வேறு வசதிகளும் இருக்குமே? அதனால் எல்லாம் பாலின் மகிமை என்று சொல்லிவிட முடியாது. அதே ஆய்வில் வெண்ணெய்க்கு அந்த நல்ல பெயர் கிடைக்கவும் இல்லை.

பாலில் கொழுப்பு பொடிப்பொடி உருண்டைகளாக, ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய சவ்வுக்குள் இருக்கிறது. தயிரைக் கடையும்போது சவ்வு உடைந்து, கொழுப்பு ஒன்றோடொன்று ஒட்டி வெண்ணெயாகத் திரளும். சவ்வில் பெரும்பகுதி மோரோடு போய்விடும். சுவீடனில் 8 வாரம், ஒரு குழுவுக்குச் சவ்வு போகாத கிரீமாகவும் இன்னொரு குழுவுக்கு உருக்கிய வெண்ணெய்க் கொழுப்பாகவும் ஒரே அளவு பால்கொழுப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். எல்டிஎல் ஏறியது இரண்டாவது குழுவுக்குத்தான். உருக்கிய வெண்ணெய்க் கொழுப்பு என்றால் வேறென்ன, ஏறக்குறைய நம் நெய்தான்.

உங்கள் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆரஞ்சு பாலில் கொழுப்பு 6 சதவீதம், நீலத்தில் 3. காபிக்கும் ராத்திரிப் பாலுக்குமாக அவருக்கு 400 மில்லி போனால், பாக்கெட் மாற்றியதில் மிச்சம் 12 கிராம் கொழுப்பு. பருப்புச் சாதத்தில் விடுகிற ஒரு மேசைக்கரண்டி நெய்யிலேயே கிட்டத்தட்ட 14 கிராம் வந்துவிடும். காலையில் மிச்சம் பிடித்ததை மத்தியானம் திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்கள். வீட்டு நெய் என்பதற்காக எல்டிஎல் சலுகை தராது.

எல்டிஎல் இந்த அளவில் இருக்கும்போது அவருக்கு நீலமே இருக்கட்டும். புரதமும் கால்சியமும் அதில் பெரிதாகக் குறையாது. ஆரஞ்சு பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் விடுவதும் இதுவும் ஒன்றல்ல. தண்ணீர் விட்டால் கொழுப்போடு சத்தும் பாதியாகிவிடும். தயிரை நிறுத்த வேண்டாம், நீலப் பாலிலேயே உறை ஊற்றுங்கள். நெய் மட்டும் ஒரு தேக்கரண்டி, அதுவும் நாளுக்கு ஒரு வேளைதான்.

பேத்திக்கு இந்தச் சிக்கனம் கூடாது. இரண்டு வயது வரை கொழுப்பு எடுக்காத பால்தான் கொடுக்க வேண்டும். அந்த வயதில் மூளை வளர்ச்சிக்குக் கொழுப்பு தேவை. ஆகவே தினம் இரண்டு நிற பாக்கெட் வாங்கத்தான் வேண்டியிருக்கும், தொல்லைதான்.

மாமியாருக்குப் பேத்தியின் பாலிலேயே காபி போட்டுவிடுங்கள். கணவருக்கு டிகாக்‌ஷனைக் கொஞ்சம் திக்காக இறக்கினால் நீலப் பால் காபியும் குடிக்கிற மாதிரி இருக்கும். சர்க்கரையைக் கூட்டிச் சமாளிக்க மட்டும் விடாதீர்கள். எல்டிஎல்லை எப்போது திரும்பப் பார்க்க வேண்டும் என்று அந்தப் போனிலேயே டாக்டரிடம் கேட்டுவிடச் சொல்லுங்கள்.