மா விழுந்த முற்றத்துக்குச் சீமெந்து போடலாமா?

கேள்வி: அண்மையில் அடித்த புயல்மழையில் எங்கள் வளவில் நின்ற கறுத்தக்கொழும்பான் மாமரம் குசினிமேல் விழுந்துவிட்டது. அப்பப்பா வைத்த மரம். ஓடுகள் நொறுங்கி, வீட்டுக்குள் வெள்ளம். கலியாண அல்பம் நனைந்து ஒட்டிக் கிடக்கிறது. கிணறும் கலங்கிவிட்டது. அடுத்த நாள் விடிய மழை விட்டிருந்தது. முற்றம் முழுக்க வெள்ளம் நின்றது, அதில் வானம் அப்படியே தெரிந்தது. நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். அம்மா கண்டுவிட்டு, “வீடு இடிஞ்சு கிடக்கு, இவள் வடிவு பாக்கிறாள்” என்று ஏசினார். அன்றிலிருந்து மனம் குத்துகிறது. கனடாவில் இருக்கும் அண்ணா, “காசு அனுப்புறன், முத்தம் முழுக்கச் சீமெந்து போடு, மிச்ச மரத்தையும் தறி” என்கிறார். என்ன செய்வது அக்கா?
வாசகி, வலிகாமம்

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

நீங்கள் நின்று பார்த்ததில் ஒரு பிழையும் இல்லை. 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது எங்கள் குசினிச் சுவர் கரைந்து விழுந்தது. அரிசி, மா, மிளகாய்த்தூள் எல்லாம் சேற்றோடு சேறு. மழை விட்ட காலையில் அழுதுகொண்டே கிணற்றடிக்குப் போனேன். தண்ணீர் கட்டுக்கு ஒரு முழம் கீழே நின்றது, குனிந்தால் கையாலே அள்ளலாம். ஆவணியில் அதே கிணற்றில் வாளி அடியில் முட்டுகிற சத்தம் கேட்கும். வேலியோரம் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. அழுகை நின்று அப்படியே பார்த்துக்கொண்டு இருந்தேன். அதனால் உங்கள் கடிதத்தின் அந்த வரியை இரண்டு தரம் வாசித்தேன்.

அல்பத்தைப் பற்றியும் மரத்தைப் பற்றியும் கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் சொல்லிவிட்டேன். மற்ற வாசகர்களுக்காக அல்பத்தை இங்கேயும் எழுதுகிறேன். நனைந்த படங்களை ஒன்றோடொன்று ஒட்டியபடி காயவிடாதீர்கள். காய்ந்தால் பிரிக்க முடியாது. ஈரமாக இருக்கும்போதே மெல்லப் பிரித்து, சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் சேற்றைக் கழுவி, படத்தின் முகம் மேலே இருக்க நிழலில் பரப்புங்கள். வெயில் வேண்டாம். பிரிய மறுத்தால் இழுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் தண்ணீரில் விடுங்கள். அதற்கும் நேரமில்லையா, சொப்பிங் பையில் சுற்றி, கரண்ட் இருக்கிற வீட்டுப் பிரிட்ஜின் ஐஸ் பெட்டியில் வையுங்கள். ஆறுதலாக எடுத்துப் பிரிக்கலாம்.

சரி, கிணறு. வெள்ளம் வந்து போன கையோடு மோட்டரைப் போட்டு ஒட்ட இறைக்கத்தான் எல்லோருக்கும் மனம் வரும். கொஞ்சம் பொறுங்கள். சுற்றி நிலம் ஊறி நிற்கும்போது கிணற்றை வெறுமையாக்கினால் வெளித் தண்ணீரின் பாரம் கிணற்றுக் கட்டையே சரித்துவிடும். அந்த வெள்ளத்தில் மலசலகூடக் குழித் தண்ணீரும் கலந்திருக்கும், நீங்கள் இறைக்க இறைக்க அதுதான் உள்ளே ஊறும். வெள்ளம் வடிந்து கிணற்று நீரும் இறங்கிய பிறகு இறையுங்கள். பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டுக் குளோரின் போடுவியுங்கள். கிணற்றின் அகலம், ஆழம் பார்த்து அளவை அவர் சொல்வார், கைக்கணக்கு வேண்டாம். அதுவரை குடிக்கிற தண்ணீரை வெளியிலிருந்து எடுத்து, அதையும் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

வெறுங்காலோடு சேறு அள்ளாதீர்கள். 2024 டிசம்பரில் வெள்ளத்துக்குப் பிறகு இங்கே எலிக்காய்ச்சல் உயிர்களை எடுத்ததை மறக்கவில்லைத்தானே. வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் பனடோலோடு படுக்க விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், “வெள்ளத்துக்குள்ளே நின்ற ஆள்” என்று மறக்காமல் சொல்லுங்கள். நனைந்த சுவரில் இருக்கிற சுவிட்சுகளை மின்வேலை தெரிந்தவர் பார்க்கும்வரை மெயின் சுவிட்சைப் போட வேண்டாம். குசினிமேல் கிடக்கும் மரத்தை அகற்ற முன்னர் படம் எடுத்துக் கிராம அலுவலரிடம் பதிந்துவிடுங்கள். துப்புரவாக்கிய பிறகு சேதத்தைக் காட்ட ஒன்றும் இருக்காது.

இனி அண்ணாவின் சீமெந்து. இந்தப் பகுதியை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் பாசத்தில் சொல்கிறார், தூரத்தில் இருந்து படத்தைப் பார்த்துத் தவித்துப்போய்ச் சொல்கிறார். ஆனால் இதில் நான் அவரோடு ஒத்துப்போக மாட்டேன்.

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. வழுக்கையாறுகூட மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் போய்ச் சேர்ந்துவிடும். குடிக்க, குளிக்க, தோட்டத்துக்கு இறைக்க எல்லாமே நிலத்தடித் தண்ணீர்தான். அதை நிரப்புகிற மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரையில் பெய்கிறது. நம் நிலத்துக்கு அடியில் இருக்கிற சுண்ணாம்புக்கல் வெடிப்பும் துளையுமானது. அதற்குள் இறங்குகிற மழைநீர், கீழே நிற்கும் உப்புநீரைவிடப் பாரம் குறைந்ததால் அதன்மேல் மிதந்து நிற்கும். கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு உப்பைத் தள்ளி வைத்திருக்கும் என்பது நிலநீர்க் கணக்கு. மேலே ஓர் அடி இறங்கினால் கீழே என்ன ஏறி வரும் என்று அண்ணாவே யோசிக்கட்டும்.

ஒரு பரப்புக் காணியில், அதாவது ஏறத்தாழ 250 சதுர மீற்றர் நிலத்தில், 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஏறத்தாழ 25,000 லீற்றர் தண்ணீர் விழுகிறது. மண் முற்றம் அதில் எவ்வளவோ குடிக்கும். சீமெந்து குடிக்காது. அந்தத் தண்ணீர் உங்கள் வாசற்படிக்கோ பக்கத்து வீட்டுக்கோதான் போகும். நீங்கள் நின்று பார்த்த அந்த வானம், தங்கச்சி, வருகிற ஆவணியில் உங்கள் கிணற்றுக்குள் இருக்கப்போகிற தண்ணீர்.

அண்ணாவின் காசை வேறு விதமாகச் செலவழிக்கலாம். முதலில் மதிலைப் பாருங்கள். முன்பு கிடுகு வேலியும் கதியாலும் இருந்தபோது வெள்ளம் வளவுக்கு வளவு கசிந்து போனது. இப்போது எல்லாரும் மதில் கட்டிவிட்டோம், தண்ணீருக்கு வழி இல்லை. பள்ளப் பக்க மதிலின் அடியில், பக்கத்து வீட்டாரோடு கதைத்து, நாலைந்து துவாரம் வையுங்கள். தெருவோர வெள்ளவாய்க்கால் குப்பையால் அடைத்திருந்தால் அதையும் கதைக்க வேண்டும். வாசலிலிருந்து கிணற்றடிக்கு இடைவெளி விட்டுக் கல் பதித்து ஒரு நடைபாதை, குசினிக்கு நல்ல கூரை, தாவாரத்துக்குப் பீலி. சேற்றில் கால் வைக்கக்கூடாது என்றுதானே அண்ணாவின் கவலை? அது இதிலேயே தீரும். மிச்ச மரங்களை மரவேலை தெரிந்த ஒருவருக்குக் காட்டி, கூரைப் பக்கம் சாய்ந்த கொப்புகளை மட்டும் தறியுங்கள்.

அம்மாவின் ஏச்சை மனதில் வைக்காதீர்கள். வலிகாமத்துக்காரி என்று எழுதியிருக்கிறீர்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு மழையில் நனைந்துகொண்டு, போருக்குப் பயந்து வீட்டைப் பூட்டிவிட்டுத் தென்மராட்சிக்கு நடந்த சனத்தில் அவரும் இருந்திருக்கலாம். அன்று விட்டுப்போன அல்பங்கள் எத்தனையோ பேருக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. நனைந்த வீட்டைப் பார்க்கும்போது அவருக்கு எந்த மழை நினைவுக்கு வருகிறதோ! பின்னேரம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, படங்களைப் பிரிக்க அவரையும் பக்கத்தில் இருத்துங்கள். கதை தானாக வரும்.

அப்பப்பாவின் மாவில் முற்றிய நுனிக்கிளைகளை வெட்டி ஈரச் சாக்கில் சுற்றி வைக்கச் சொல்லியிருந்தேன். உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டால் ஒட்டுக்கட்டத் தெரிந்தவரைக் காட்டுவார். ஒன்றுக்கு நாலைந்து கன்றில் கட்டுங்கள், எல்லாம் பிடிக்காது. எது துளிர்த்தது என்று எனக்கு எழுதுங்கள்.