உடுன்னா என்ன? பானைக்குள்ள இருந்து 'தூம்'னு சத்தம் எப்படி வருது?

உடுங்கிறது நைஜீரியாவோட தென்கிழக்குல இருக்கிற இக்போ மக்களோட மண்பானை வாத்தியம், இக்போ மொழில அந்த வார்த்தைக்கே பானைன்னுதான் அர்த்தம். தண்ணிக் குடம் மாதிரியே இருக்கும், ஆனா வயித்துப் பக்கம் கூடுதலா ஒரு வட்ட ஓட்டை போட்டிருப்பாங்க, விஷயமே அந்த ஓட்டைலதான் இருக்கு. பாரம்பரியமா இத வாசிச்சது பெண்கள்தான், இத கண்டிப்பா சொல்லணும்.

மத்த மேளத்துல தோல் அதிரும், இதுல தோலே கிடையாது, உள்ள அடைபட்ட காத்துதான் அதிருது. உள்ளங்கையால ஓட்டைய தட்டி சட்டுனு கைய எடுத்தா உள்ள இருக்கிற காத்து ஸ்பிரிங் மாதிரி அமுங்கி விரியும், அதான் அந்த ஆழமான 'தூம்'. இன்னொரு கையால மேல்வாய கொஞ்சம் மூடினா சுருதி இறங்கும், திறந்தா ஏறும், ஏன்னா காத்து போய்வர்ற வழி சின்னதாகி பெருசாகுது. காலி பாட்டில் வாய்ல ஊதினா 'பூம்'னு வருமே, கிட்டத்தட்ட அதேதான், இங்க ஊதுறதுக்குப் பதிலா தட்டுறோம். விரலால பானை உடம்புல தட்டினா தனியா கணீர்னும் வரும்.

நிறைய பேர் இது நம்ம கடம்தானேன்னு நினைக்கிறாங்க, ஆனா கடத்துக்கு வாய் ஒண்ணுதான், பக்கத்துல ஓட்டை கிடையாது, அதோட வேலை பெரும்பாலும் பானைச் சுவர்லதான்.