தொழிற்பிரிவில் படித்தால் பி.இ. சேர முடியாதா?

சேரலாம். திருவொற்றியூரில் பிளஸ் ஒன் அடிப்படை இயந்திரவியல் எடுத்த உங்கள் மகனுக்கு இனி பொறியியல் கிடையாது என்று பக்கத்து வீட்டில் சொன்னது தவறு. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் தொழிற்பிரிவு மாணவர்களுக்கு 2 சதவீத இடம் தனியாகவே உண்டு. பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டுக்கும் விண்ணப்பிக்கலாம்.

கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் வேண்டும் என்பது பொதுப் பிரிவுக்கான விதி. அதை வைத்துத்தான் குழப்பியிருப்பார்கள். தொழிற்பிரிவுக்கு இந்த மூன்றில் ஒன்றும் தொழிற்பாடமும் போதும்.

முதலில் அவனுடைய பாடப்பட்டியலை வாங்கிப் பாருங்கள். அந்த மூன்றில் ஒன்று இருந்தால் கவலையே இல்லை. எதுவும் இல்லை என்றால் இந்த வாரமே தலைமை ஆசிரியரைப் பாருங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

ஒன்று மட்டும்: எல்லா பி.இ. பிரிவும் கிடைக்காது, தொழிற்பாடத்தோடு தொடர்புள்ளவைதான். கலந்தாய்வுக் கையேட்டில் பட்டியல் இருக்கும். அப்புறம், முதல் ஆண்டுக் கணக்கு இந்தப் பிள்ளைகளைத் திணறடிக்கும். இப்போதே கணக்கில் கூடுதலாக உட்கார வையுங்கள்.

பிளஸ் டூ முடித்த உடனே சம்பாதிக்க வேண்டிய நிலை வந்தால், தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் வழியாக ஓராண்டுப் பயிற்சி, உதவித்தொகையோடு உண்டு. எண்ணூர், மணலிப் பக்கம் தொழிற்சாலைகளுக்கா பஞ்சம்!