கல்யாணம் வேண்டாம் என்றால் விசரா?

கேள்வி: என் மகளுக்கு 33 வயது, கணக்காளர். கல்யாணம் வேண்டாம் என்கிறாள். விசேஷங்களுக்கு வருவதில்லை. பின்னேரங்களில் கடற்கரைக்குப் போய்த் தெருநாய்களுக்குச் சோறு வைக்கிறாள். "இது விசர்தான், டொக்டரிடம் காட்டு" என்கிறார் என் அக்கா. காட்டவா?
- ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: அன்புள்ள அம்மா, உங்கள் அக்கா சொன்னது கடிதத்தில் இருக்கிறது. மகள் அழுகிறாளா, நித்திரை கொள்கிறாளா என்று ஒரு வரிகூட இல்லை.

ஊர் வழக்கத்துக்கு மாறாக நடப்பதுதான் மனநோய் என்றால், இடத்துக்கு இடம் நோய் மாறிவிடும். திருவிழாவில் முதுகில் செடில் குத்திக் காவடி எடுப்பவரைக் கும்பிடுகிறோம். அவரே திங்கட்கிழமை காலை பம்பலப்பிட்டி பஸ் தரிப்பிடத்தில் அப்படி நின்றால் பொலிஸைக் கூப்பிடுவோம்.

இந்த அளவுகோல் செய்த அநியாயமும் பெரிது. 1851இல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க மருத்துவர், தப்பி ஓடும் அடிமைகளுக்கு மனநோய் என்று சொல்லி அதற்கொரு பெயரும் வைத்தார். தன்பால் ஈர்ப்பை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது 1973இல்தான். முதல்நாள்வரை நோயாளி என்றிருந்தவர்கள் ஒரே இரவில் குணமாகிவிட்டார்களா என்ன?

அதற்காக வழக்கமே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். திடீரென்று குளிக்காமல், சாப்பிடாமல் கதவைப் பூட்டிக்கொள்ளும் பிள்ளையை முதலில் கவனிப்பது வீட்டுச் சனம்தான். ஆனால் அங்கே ஒப்பிடவேண்டியது அந்தப் பிள்ளையின் பழைய இயல்போடு, மாமியின் மகளோடு அல்ல. மருத்துவர்கள் பார்ப்பதும் தவிப்பையும், அன்றாட வாழ்க்கை முடங்குவதையும்தான். சமூகத்தோடு முரண்படுவது மட்டும் நோயாகாது என்று 2013இல் வந்த அமெரிக்க மனநலக் கையேடே சொல்கிறது.

எனக்குக் கவலை தருபவர்கள் வேறு. எல்லாக் கல்யாண வீட்டுக்கும் சேலை மடிப்புக் குலையாமல் வந்து, சிரித்த முகத்தோடு பரிமாறிவிட்டு, இரவில் நித்திரையில்லாமல் முகட்டைப் பார்த்துக் கிடப்பவர்கள். அவர்களை யாரும் டொக்டரிடம் கூட்டிப்போவதில்லை.

நாளைப் பின்னேரம் நீங்களும் மகளோடு போங்கள். ரயில் பாதையைக் கடக்கும்போது சோற்றுப் பையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். கல்யாணப் பேச்சை எடுக்கவேண்டாம். "நித்திரை வருதா பிள்ளை? மனசுக்கு ஏதும் பாரமா இருக்கா?" என்று மட்டும் கேளுங்கள். ஓம் என்றால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு இருவருமாக எடுங்கள். இல்லை என்றால் சரி, டொக்டரை விட்டுவிடுங்கள். அக்கா கேட்டால் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.