கேரள ரேஷன் கார்டு இருந்தால் அணு உலைக் கூட்டத்தில் பேசக் கூடாதா?

கேள்வி: நாங்கள் கேரள எல்லையில் உள்ள பொழியூர்க்காரர்கள், வள்ளத்தில் மீன்பிடிக்கும் தொழில். கூடங்குளத்தில் இன்னும் உலைகள் வந்தால் கருத்துக் கேட்புக் கூட்டம் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் நடக்குமாம். கேரள ரேஷன் கார்டு வைத்திருந்தால் பேச விடமாட்டார்கள் என்கிறார் ஒருவர். ராதாபுரம் தாலுகா முகவரி எடுத்துத் தரப் பணமும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

2006 செப்டம்பர் 14-ஆம் தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை கருத்துக் கேட்புக்கு இரண்டு வழி வைத்திருக்கிறது. ஒன்று, திட்ட இடத்துக்குப் பக்கத்தில் நடக்கும் கூட்டம். மற்றது, சுற்றுச்சூழல் பாதிப்பில் அக்கறை உள்ள மற்றவர்கள் எழுதி அனுப்பும் கருத்து. இரண்டாவது உங்களுக்கு எப்போதும் உண்டு. கூட்டத்துக்கே போனாலும், வந்திருக்கும் எவரும் விளக்கம் கேட்கலாம் என்பதுதான் விதி. பொய் முகவரியோடு போனால்தான் வம்பு. அதைக் காட்டியே உங்கள் கேள்வியைத் தள்ளிவிடுவார்கள். பணம் வாங்கியவர் அன்றைக்கு அந்தப் பக்கமே வரமாட்டார்.

இந்த மாதிரி ஆட்கள் அடுத்து அச்சடித்த மனுவோடு வருவார்கள். அதில் கையெழுத்துப் போடாதீர்கள். ஊரே ஒரே வாசகத்தை அனுப்பினால் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை எழுதுபவர்கள் ஒரே வரியில் பதில் சொல்லி முடித்துவிடுவார்கள். கூட்டத்தில் ஓட்டெடுப்பு கிடையாது, தலை எண்ணிக்கை உதவாது. புறக்கணித்தாலும் பயனில்லை; இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற நிபந்தனையே இல்லை.

நீங்களே எழுதுங்கள். உலையைக் குளிரவைத்த கடல்நீர் சூடாகக் கடலுக்கே திரும்புகிறது. இயல்பைவிட 7 டிகிரி செல்சியசுக்கு மேல் கூடக் கூடாது என்பது வரம்பு. ஏற்கெனவே ஓடும் உலைகளின் சூட்டையும் புதியவற்றின் சூட்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டார்களா? மீன் கணக்கை எந்த மாதங்களில் எடுத்தார்கள்? உங்கள் கரையில் சாளையும் நெத்தோலியும் ஏறும் மழை மாதங்கள் அதில் உண்டா? எந்த மாதம், எந்த வலை, எவ்வளவு மீன்பாடு என்று உங்கள் கணக்கையும் சேர்த்து எழுதுங்கள்.

அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்கும். முழு அறிக்கை ஆங்கிலத்தில்தான். அதைப் படித்துக் கேள்வி கேட்க மீனவர்களுக்குக் குறைந்தபட்சம் 30 நாள் அவகாசம் போதும் என்று நினைக்கிறார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளுக்குக் கருத்துக் கேட்பே நடக்கவில்லை. அவற்றுக்கு 1989-லேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு அடுத்த கொல்லங்கோடு, மிடாலம் பக்கம் பேசப்படுவது அணுமின் நிலையம் அல்ல, அணுக்கனிம மணல் (அணுசக்திக்கு வேண்டிய தாதுக்கள் கலந்த கடற்கரை மணல்) எடுக்கும் திட்டம், 1,144 ஹெக்டேர். அணுக்கனிமச் சுரங்கங்களுக்குக் கருத்துக் கேட்பே வேண்டாம் என்று 2025 செப்டம்பரில் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்குக் கொடுத்துவிட்டது. உலைக்குக் கேட்பு உண்டு, மணலுக்கு இல்லை. மணல் திட்டத்துக்குக் "கூட்டத்தில் பேச டோக்கன்" என்று யாராவது விற்க வந்தால் அது சுத்த மோசடி.

கடிதத்தைத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஸ்பீட் போஸ்ட்டில், சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி, கூட்டத் தேதிக்கு முன்பே அனுப்புங்கள். நகலைப் பத்திரமாக வையுங்கள். பதில் திருப்தியில்லாமல் அனுமதி வந்துவிட்டால் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை தருவார்கள். அதற்குப் பிறகு கதவு திறக்காது.