அலையோடும் மேப்பிளை மேல்பலகையாக வைத்து எலக்ட்ரிக் கிட்டார் உடல்: கேள்வி பதில்

மகோகனி உடலின் மேல் அலை ரேகை ஓடும் மேப்பிளை ஒட்டி எலக்ட்ரிக் கிட்டார் செய்வது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறைய பேர் கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பெரும்பாலானவர்களுக்கு இது முதல் கிட்டார் என்பதால் அவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

கேள்வி: ஃபிளேம், குயில்ட், பேர்ட்ஸ் ஐ என்கிறார்களே, எல்லாம் தனித்தனி மரமா? பலகையைச் சாய்த்தால் வரிகள் நகர்கின்றனவே, அது எப்படி?

ஃபிளேம் என்பது மரத்தின் பெயர் இல்லை, மரத்துக்குள் நார் ஓடியிருக்கும் விதம். நேராக மேலே போக வேண்டிய நார் நெளிந்து நெளிந்து போயிருக்கும். அப்படிப்பட்ட மரத்தை அறுத்து இழைத்தால், ஒரு பட்டையில் நாரின் பக்கவாட்டு முகம் தெரியும், அடுத்த பட்டையில் நாரின் வெட்டுமுனை தெரியும். பக்கவாட்டு முகம் ஒளியைத் திருப்பி அனுப்பும், வெட்டுமுனை விழுங்கிக்கொள்ளும். பலகையைச் சாய்த்தால் இரண்டும் இடம் மாறும். புலி வரி நகர்வது போலத் தெரிவது இதனால்தான்.

ஃபிளேம் நன்றாகத் தெரிய, வளர்ச்சி வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்திருக்க வேண்டும். குயில்ட் இதற்கு நேர் எதிர், தட்டையாக அறுத்தால்தான் அந்தக் குமிழ் குமிழான தோற்றம் எழும்பும். அது பெரும்பாலும் வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் பெரிய இலை மேப்பிளில் கிடைக்கிறது. பேர்ட்ஸ் ஐ எனப்படும் சின்னச் சின்னக் கண்கள் பெரும்பாலும் கடின மேப்பிளில் வருபவை.

பலகை வாங்கும்போது கொஞ்சம் ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்துத் தடவிவிட்டு, ஒரே ஒரு விளக்கின் கீழ் சாய்த்துப் பாருங்கள். பாலிஷ் போட்ட பிறகு எப்படி இருக்கும் என்பது அரை நிமிடத்துக்குத் தெரியும்.

கேள்வி: மேல்பலகை எவ்வளவு தடிமன் இருக்கலாம்? 3 மி.மீ. போதுமா?

வளைவு செதுக்காத தட்டையான முகத்துக்கு 3 முதல் 6 மி.மீ. போதும். கிப்ஸன் லெஸ் பால் கிட்டார் மாதிரி நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழும் வளைவு வேண்டுமானால் 15 முதல் 19 மி.மீ. வேண்டும். அரை மி.மீ. வெனீரும், அதாவது தாள் போல மெல்லிய மரச்சீவலும், ஒட்டலாம், ஆனால் உப்புத்தாள் ஒரு முறை அதிகமாக ஓடினாலே அடியில் இருக்கும் மரம் தெரிந்துவிடும். முதல் முயற்சிக்கு அது வேண்டாம், 5 மி.மீ. எடுங்கள்.

பலரும் மறக்கும் விஷயம் ஒன்று உண்டு. வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர்களின் மரைக்கழுத்து சாதாரண வகையில் 1 செ.மீ.கூட இருக்காது. பின்பக்கக் குழியைக் குடைந்த பிறகு முகப்பில் மிஞ்சும் மரம் அதைவிடத் தடிமனாக இருந்தால் நட்டு பிடிக்காது. செதுக்கிய தடித்த முகத்துக்கு நீளக் கழுத்து வகைதான் வாங்க வேண்டும். பாகங்களைக் கையில் வாங்கி, அளந்த பிறகே குழியைத் தோண்டுங்கள்.

கேள்வி: ஐயா, இரண்டு பாதிகளையும் நடுவில் சேர்க்கும்போது ஒரு முடி அளவு இடைவெளி வந்துகொண்டே இருக்கிறது. இழைக்க இழைக்கப் பலகைதான் சிறுக்கிறது.

இரண்டையும் தனித்தனியாக இழைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒரே தடித்த பலகையை இரண்டாகப் பிளந்து புத்தகம் போல விரித்தவைதானே இந்த இரண்டு பாதிகள். அவற்றை மறுபடி புத்தகம் போல மூடி, சேர வேண்டிய விளிம்புகளை ஒன்றாக வைத்துக் கவ்வியில் பிடித்து, ஒரே வீச்சில் இழையுங்கள். இழைப்புளி அரைப் பாகை சாய்ந்திருந்தாலும் பரவாயில்லை. ஒரு பாதியில் கூடிய கோணம் மறு பாதியில் அதே அளவு குறையும், விரித்தால் இரண்டும் பொருந்திவிடும்.

பிறகு கையால் மட்டும் சேர்த்துப் பிடித்து, பின்னால் விளக்கை வைத்துப் பாருங்கள். ஒளிக்கோடு தெரியும் இடத்தில் பென்சிலால் குறியுங்கள். கிளாம்பை இறுக்கி இடைவெளியை மூடப் பார்க்காதீர்கள். இன்று மூடிக்கொள்ளும், பலகை காயும்போது அந்த இழுப்பு வெளியே வந்து ஜாயின்ட் பிளக்கும்.

அறுத்தவுடன் ஒட்ட உட்காராதீர்கள். தடித்த பலகையை இரண்டாகப் பிளந்தால் உள்ளே இருந்த ஈரமும் இறுக்கமும் அப்போதுதான் வெளியே வரும். இடையில் குச்சி கொடுத்து அடுக்கி, சில நாள் காற்றாட விடுங்கள். உடலும் மேல்பலகையும் ஒரே இடத்தில் சேர்ந்து இருக்கட்டும், இரண்டின் ஈரமும் 6 முதல் 8 சதவீதத்துக்குள் வரட்டும்.

கேள்வி: இழைத்தால் அலை இருக்கும் இடமெல்லாம் சில்லு சில்லாகப் பெயர்கிறது. அலகை நன்றாகத் தீட்டியும் பயன் இல்லை.

நார் மேலும் கீழுமாகப் போகும் மரத்தில் எந்தத் திசையில் தள்ளினாலும் பாதி இடத்தில் எதிர்நார்தான். புத்தகம் போல விரித்த பலகையில் இன்னும் சிக்கல், இடப்பாதி ஒத்துழைக்கும் திசையில் வலப்பாதி பெயரும். தீட்டுவது அவசியம், ஆனால் அது மட்டும் போதாது. சாதாரண இழைப்புளியில் வெட்டுக்கோணம் 45 பாகை. இதற்கு 60 பாகைக்கு மேல் வேண்டும். அப்போது அலகு நாரைத் தூக்கிப் பிளக்காமல் சுரண்டி எடுக்கும். தள்ளக் கடினமாக இருக்கும், பரவாயில்லை, மெல்லிய சீவலாக எடுங்கள்.

அது கையில் இல்லையென்றால் தட்டையான எஃகு ஸ்கிரேப்பர் போதும். என் கை முதலில் போவதும் அதற்குத்தான். இயந்திர இழைப்பானில் போடுவதாக இருந்தால் ஈரத்துணியால் முகத்தைத் தடவி, மிகக் குறைந்த ஆழத்தில் விடுங்கள். உப்புத்தாள் சுற்றிய உருளையால் தேய்க்கும் டிரம் சாண்டர் கிடைத்தால் இந்தக் கவலையே இல்லை.

கேள்வி: மேல்பலகையை ஒட்டும் முன் என்னவெல்லாம் முடிந்திருக்க வேண்டும்?

மூடிவிட்டால் கை போகாத எல்லாமே. பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் பாகம்) குழிகளிலிருந்து, வால்யூம், டோன் உட்காரும் கன்ட்ரோல் குழிக்கு ஒயர் போகும் பாதையை, உடல் திறந்திருக்கும்போது ரவுட்டரால் (சுழலும் பிட்டால் மரத்தைக் குடையும் கை இயந்திரம்) ஒரு நேர்க்கோடாக இழுத்துவிடலாம். ஒட்டிய பிறகு அதே வேலைக்கு நீளத் துரப்பணத்தைச் சாய்வாக விட்டுத் திணற வேண்டும். எடை குறைய வேண்டுமானால் உள்ளறைகளைக் குடைவதும் இப்போதுதான். கம்பிகளை உடலின் மேல் தாங்கும் பிரிட்ஜ் உட்காரும் இடத்தையும், விரல் ஓடும் நீளக் கழுத்தான நெக் பொருந்தும் இடத்தையும் கெட்டியாக விடுங்கள், ஓரச்சுவர் 12 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். எங்கே குடைந்தீர்கள் என்பதை ஒரு தாளில் படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வாரம் கழித்துத் துளை போடும்போது அந்தத் தாள்தான் கண்.

கேள்வி: ஒட்டும்போது மேல்பலகை வழுக்கி, நடுக்கோடு 2 மி.மீ. விலகிவிட்டது. அடுத்த முறை எப்படித் தடுப்பது?

பசை போட்டுக் கிளாம்ப் இறுக்கினால் எந்தப் பலகையும் வழுக்கும். பின்னால் வெட்டி எடுக்கப்போகும் இடங்களில், அதாவது நெக் குழியிலும் பிக்கப் குழியிலும், தலை வெட்டிய சின்ன ஆணிகளை உடலில் அடித்து முனையை 2 மி.மீ. வெளியே விடுங்கள். பசை இல்லாமல் ஒரு முறை பொருத்தி அழுத்தினால் மேல்பலகையில் அதற்கான குழி விழும், பிறகு அது அசையாது. ரவுட்டர் அந்த இடத்துக்கு வரும் முன் ஆணியைப் பிடுங்க வேண்டும், இதை உடலின் மேலேயே பெரிதாக எழுதி வையுங்கள்.

பசையை உடலில் மட்டும் தடவுங்கள். மரப்பசையில் தண்ணீர் இருக்கிறது, மெல்லிய மேப்பிளில் தடவினால் ஒரு பக்கம் ஊறி நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அப்பளம் போலச் சுருளும். மேலே தடித்த சமமான பலகை ஒன்றை வைத்து, ஓரத்தோடு நடுவிலும் அழுத்தம் விழும்படி இறுக்குங்கள். சுற்றிலும் பசை சின்ன மணிகளாகக் கசிந்தால் சரியான அளவு. 24 மணி நேரம் தொடாதீர்கள்.

கேள்வி: ரவுட்டர் ஓட்டும்போது, நெக்குக்குப் பக்கத்தில் உடல் நீண்டு நிற்குமே, அந்தக் கொம்பின் நுனி பிய்ந்து போய்விட்டது. மனம் உடைந்துவிட்டது.

எனக்கும் நடந்திருக்கிறது தம்பி, அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. முதலில் இயந்திரத்தை அணைத்துவிட்டு, தரையில் அந்தத் துண்டைத் தேடுங்கள். கிடைத்தால் பாதி வருத்தம் தீர்ந்தது. நாரோடு பெயர்ந்த துண்டு அதே இடத்தில் சாவி போலப் பொருந்தும். ஒட்டி டேப் சுற்றி வைத்தால் கோடுகூடத் தெரியாது. நான் மூன்று மணி நேரம் மரத்தூளைச் சலித்து ஒரு விரல்நக அளவுத் துண்டை எடுத்தேன். அந்த கிட்டாரில் அது எந்தப் பக்கம் என்று இன்று எனக்கே தேடித்தான் பார்க்க வேண்டும்.

இனி வராமல் இருக்க, ரம்பத்தால் கோட்டுக்கு 1 மி.மீ. வரை அறுத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் ரவுட்டருக்குக் கொடுங்கள். உடலின் அகன்ற பகுதியிலிருந்து முனையை நோக்கி வெட்டினால் நாருக்குப் பின்னால் மரம் தாங்கும். முனையிலிருந்து அகன்ற பகுதிக்கு ஏறினால் நாரின் அடியில் புகுந்து பிளக்கும். ரவுட்டரை ஒரே திசையில்தான் பாதுகாப்பாக ஓட்ட முடியும் என்பதால் பாதி வளைவுகளில் ஏறித்தான் ஆக வேண்டியிருக்கும். அங்கே உடலைத் திருப்பிப் போட்டு, இரு முனையிலும் பேரிங் (வார்ப்பின் ஓரத்தில் உருளும் வளையம்) உள்ள பிட்டால் மறுபக்கத்திலிருந்து வெட்டுங்கள்.

கேள்வி: நீலச் சாயம் போட்டேன். அங்கங்கே வெள்ளைத் திட்டு. அலையும் எழும்பவில்லை. எங்கே தப்பு?

வெள்ளைத் திட்டு பசை. ஒட்டும்போது விரலில் இருந்தது முகத்தில் பட்டிருக்கும், ஈரத்துணியால் துடைத்தபோது இன்னும் பரவியிருக்கும். பசை குடித்த மரம் சாயம் குடிக்காது. சாயத்துக்கு முன்னால் முகம் முழுக்க ஸ்பிரிட்டால் துடைத்துச் சாய்ந்த ஒளியில் பாருங்கள், பசைத் திட்டு வெளிறித் தெரியும். அப்போதே சுரண்டிவிடலாம்.

அலை எழும்பாததற்குக் காரணம், ஒரே சாயத்தை ஒரே முறை போட்டது. முதலில் 220 உப்புத்தாள் வரை தேய்த்து, ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, எழும்பிய நார்முடியை 320ஆல் மெல்லத் தட்டிவிடுங்கள். பிறகு கறுப்புச் சாயம். ஆமாம், முகம் முழுக்கக் கறுப்பு. வெட்டுமுனை தெரியும் பட்டைகள் அதை ஆழமாக உறிஞ்சும், மற்றவை மேலோட்டமாகத்தான் பிடிக்கும். காய்ந்ததும் 320ஆல் தேய்த்தால் மேலோட்டமானது போய்விடும், அலையில் மட்டும் கறுப்பு தங்கும். அதன்மேல் நீலம்.

காய்ந்த சாயம் செத்துப்போன மாதிரி மங்கலாக இருக்கும், அதைப் பார்த்து இன்னொரு கை போட்டுவிடாதீர்கள். முதல் கோட் வார்னிஷ் பட்ட நொடியில் அது கண் விழிக்கும். அதனால்தான் அதே பலகையின் துண்டில், அதே உப்புத்தாள் எண்களோடு, வார்னிஷ் வரைக்கும் ஒரு முறை செய்து பாருங்கள் என்கிறேன். அப்புறம், தண்ணீர்ச் சாயத்தின் மேல் தண்ணீர் வார்னிஷைத் தூரிகையால் போட்டால் நிறம் இழுபடும். நடுவில் மெல்லிய அரக்கு பாலிஷ் ஒரு கோட் கொடுங்கள்.

கேள்வி: உடலின் விளிம்பைச் சுற்றி ஒட்டும் பிளாஸ்டிக் பட்டை, அதாவது பைண்டிங், இல்லாமல் ஓரத்தில் வெள்ளைக் கோடு வரவைக்கலாமா?

வரும். மேப்பிளின் பக்கவாட்டு விளிம்பில் டேப் ஒட்டிவிட்டு முகத்துக்குச் சாயம் போடுங்கள். விளிம்பு மட்டும் சொந்த நிறத்தில் நிற்கும். கசிந்த சாயத்தைக் கூரான பிளேடால் சுரண்டினால் போதும்.

கேள்வி: அலை அதிகமானால் ஒலி நன்றாக வருமா?

வராது. பிக்கப் பார்ப்பது கம்பியின் அதிர்வை, பலகையின் வரியை அல்ல. கிப்ஸன் லெஸ் பால் 1952இல் வந்தபோது அதன் மேப்பிள் முகத்தைத் தங்கப் பூச்சு மூடியிருந்தது. 1958இல் நடுவில் வெளிறி ஓரத்தில் கறுக்கும் சன்பர்ஸ்ட் என்ற ஒளி ஊடுருவும் பூச்சு வந்த பிறகுதான் அடியில் இருந்த மரம் கண்ணுக்குத் தெரிந்தது. அலையைக் கண்ணுக்காகப் போடுங்கள், அதுவே போதுமான காரணம்.

கேள்வி: பூஞ்சைக் கோடு விழுந்த மேப்பிள் கிடைத்திருக்கிறது. பயன்படுத்தலாமா?

அழகான மரம். நகத்தால் அழுத்திப் பாருங்கள், பள்ளம் விழும் இடத்தில் மெல்லிய சூப்பர் குளூவையோ எபாக்ஸியையோ ஊறவிட்டு இறுக வையுங்கள். தேய்க்கும்போது முகமூடி இல்லாமல் நிற்கவே கூடாது.

கேள்வி: பிரிட்ஜுக்குத் துளை எப்போது போடுவது?

நெக் பொருந்திய பிறகுதான். ஸ்கேல், அதாவது கம்பி அதிரும் நீளம், 648 மி.மீ. என்றால் நெக்கின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட் என்ற பட்டையிலிருந்து அளந்து மெல்லிய ஈ கம்பியின் சேடில் (பிரிட்ஜில் கம்பி உட்காரும் சின்னத் தாங்கி) அங்கே வர வேண்டும், தடித்த கம்பிகளுக்குச் சேடில் இன்னும் பின்னால் போக இடம் வேண்டும். ஆனால் அளவுக்கு முன்னால் ஒன்று பாருங்கள். நெக்கின் இரு ஓரங்களிலும் நீண்ட மட்டக்கோலை வைத்து உடல்வரை கோடு இழுத்து, அவற்றின் நடுவைக் கண்டுபிடியுங்கள். அது மேல்பலகையின் ஜாயின்ட் மேலேயே விழ வேண்டும். ஒரே நிறம் அடித்த கிட்டாரில் 1 மி.மீ. சாய்வு யாருக்கும் தெரியாது. இரண்டு பாதிகள் சேரும் கோடு கம்பிகளுக்கு நடுவில் ஓடும்போது அது பளிச்சென்று தெரியும். விலகினால் நெக் குழியைச் சரிசெய்யுங்கள், பிரிட்ஜை நகர்த்திச் சமாளிக்க வேண்டாம்.

கோடு சரியாக விழுந்த பிறகு துளை போடுங்கள். பிரிட்ஜ் தூண் துளையிலிருந்து கன்ட்ரோல் குழிக்கு எர்த் ஒயருக்கான சின்னத் துளையையும் அதே நாளில் போட்டுவிடுங்கள். ஒயரின் உரித்த முனையைத் தூண் துளைக்குள் மடித்து வைத்த பிறகே, தூண் திருகி நிற்கும் உலோகக் குழலான புஷிங்கை அடித்து இறக்குங்கள்.