வசனத்துக்குப் பிறகு என்ன நடக்கிறது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகன், வாழ்க்கைப் பாடங்களை ஜப்பானிய அனிமே படங்களில்தான் கற்றுக்கொள்வதாகச் சொல்கிறான். அவற்றிலிருந்து ஏதாவது ஒரு வசனத்தை எடுத்துத் தினமும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கிறான். கார்ட்டூனில் அப்படி என்ன பாடம் இருந்துவிடப் போகிறது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பாடம் இருக்கிறது, அம்மா. ஆனால் உங்கள் மகன் ஸ்டேட்டஸில் வைக்கும் வரியில் அது முழுதாக இருக்க வாய்ப்பில்லை. ஹயாவோ மியாசகி இயக்கி 1989-இல் வெளிவந்த ‘கிகிஸ் டெலிவரி சர்வீஸ்’ படத்தை எடுத்துக்கொள்வோம். பதின்மூன்று வயது நிரம்பிய மாயக்காரச் சிறுமி, ஓராண்டுக் காலம் வேற்றூரில் தனியாகப் பிழைத்துக் காட்ட வேண்டும் என்பது அந்தக் கதையுலகின் வழக்கம். கிகி தன் கறுப்புப் பூனை ஜிஜியுடன் துடைப்பத்தில் ஏறிப் பறந்து ஒரு கடலோர நகரத்துக்கு வருகிறாள்; ரொட்டிக்கடைக்காரப் பெண் ஒருத்தி இடம் கொடுக்க, வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் தொழிலைத் தொடங்குகிறாள். ஒரு நாள், பேத்தியின் பிறந்தநாளுக்காக ஒரு பாட்டி மீனும் பூசணியும் வைத்துச் சுட்ட பலகாரத்தை, அடுப்பு மூட்டுவதிலிருந்து கூடவே நின்று உதவி, கொட்டும் மழையில் நனைந்தபடி எடுத்துப்போகிறாள். கதவைத் திறந்த பேத்தியோ, இந்தப் பலகாரமே எனக்குப் பிடிக்காது என்று சலித்துக்கொண்டே வாங்கிக் கதவைச் சாத்துகிறாள். கிகி காய்ச்சலில் படுத்துவிடுகிறாள். அதற்குப் பிறகு சில நாட்களில் பறக்கும் ஆற்றல் அவளை விட்டுப் போகிறது. பூனை பேசுவதும் அவளுக்கு வெறும் ‘மியாவ்’ ஆகிவிடுகிறது.

அப்போது காட்டில் வசிக்கும் ஓர் இளம் ஓவியர், தனக்கும் வரையவே முடியாமல் போன காலம் உண்டு என்றும், அப்படிப்பட்ட நேரத்தில் வரைவதையே விட்டுவிட்டு நடக்க வேண்டும், சும்மா இருக்க வேண்டும், பகலில் தூங்க வேண்டும் என்றும், பிறகு திடீரென்று கை தானாக ஓடும் என்றும் சொல்கிறார். ஸ்டேட்டஸுக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோன்ற அறிவுரை. இணையத்தில் பலரும் பகிர்வது இதைத்தான். படம் அதற்குமேல் போகிறது. ஆகாயக் கப்பலின் கயிற்றில் நண்பன் தொங்குவதைப் பார்த்த பின், தெருப் பெருக்குபவரிடம் இரவல் வாங்கிய பிரஷில் ஏறித் தட்டுத் தடுமாறித்தான் கிகி மறுபடி பறக்கிறாள். ஓய்வெடுத்ததால் மட்டும் ஆற்றல் திரும்பிவிடவில்லை. பூனையின் பேச்சோ திரும்பவே இல்லை. தோளில் தாவி ஏறி ‘மியாவ்’ என்கிறது, அவ்வளவுதான். 1998-இல் வந்த ஆங்கில மொழிமாற்றத்தில், எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று காட்டும் விதமாக, அந்த இடத்தில் பூனையைப் பேச வைத்துவிட்டார்கள். பின்னர் வந்த பதிப்பில் அந்தப் பேச்சு நீக்கப்பட்டது. நீக்கியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். குழந்தைப் பருவத்தோடு போன சில திரும்பி வருவதில்லை, அப்படி வராவிட்டாலும் பெண் தன் காலில் நிற்கிறாள் என்பதைப் படம் யார் வாயாலும் சொல்லாமல் காட்டியிருந்தது. ஒரே ஒரு கூடுதல் வசனம் அதைக் கெடுத்துவிட்டது.

ஆகவே நீங்கள் மகனோடு உட்கார்ந்து ஒரு படம் பாருங்கள். முடிந்ததும் “என்ன கற்றுக்கொண்டாய்?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் நமக்குப் பிடித்த பதிலைச் சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். “பூனை ஏன் கடைசிவரை பேசவில்லை?” என்று கேளுங்கள்.

கேள்வி: எங்கள் காலத்துத் திரைப்பாடல்கள் அறிவுரையை நேராகவே சொல்லின. சொல்லாமல் சொல்வதுதான் உயர்ந்தது என்றால், பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தை எங்கே வைப்பீர்கள்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி

பதில்: மேலேதான் வைப்பேன், ஐயா. 1959-இல் தமது 29-ஆம் வயதிலேயே மறைந்த அவர், முந்தைய ஆண்டு வெளிவந்த ‘நாடோடி மன்னன்’ படத்துக்கு எழுதிய ‘தூங்காதே தம்பி தூங்காதே’ பாடலைப் பள்ளி ஆண்டுவிழாக்களில் பிள்ளைகளின் சோம்பலைக் கண்டிக்கும் பாட்டாகவே பாட வைத்துப் பழகிவிட்டோம். ஆனால் பாட்டு தம்பியோடு நிற்கவில்லை. போர்ப்படையில் தூங்கியவன், பள்ளியில் தூங்கியவன், கடையில் தூங்கியவன் என்று ஒவ்வொருவராக இழந்ததைக் கணக்குச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் ‘பொறுப்புள்ள மனிதரின் தூக்கத்தினால்’ பல நல்ல வேலைகள் தூங்கிக் கிடப்பதாக முடிகிறது. தம்பியைத் தட்டி எழுப்புவதுபோலத் தொடங்கி மேலே இருப்பவர்களின் சட்டையைப் பிடிக்கிற பாட்டு அது. நேராகச் சொல்வதில் குறையொன்றும் இல்லை. முதல் வரியோடு நாம் நிறுத்திக்கொள்வதில்தான் குறை.

கேள்வி: தேர்வு நெருங்கும்போது எனக்குப் படபடப்பு வரும். ‘செலஸ்ட்’ என்ற வீடியோ கேமில் வரும் இறகு மூச்சுப்பயிற்சியைச் செய்து பார்க்கிறேன். சில நாள் பலன் தருகிறது, சில நாள் தருவதில்லை. வீட்டில் இதைக் கிண்டல் செய்கிறார்கள்.
– கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

பதில்: அந்த விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். 2018-இல் வெளிவந்த ‘செலஸ்ட்’ விளையாட்டில் மேடலின் என்ற பெண் ஒரு மலையில் ஏறுகிறாள். வழியில் ரோப்கார் நடுவானில் நின்றுவிட, அவளுக்கு மூச்சு முட்டுகிறது. உடன் வந்த இளைஞன், ஓர் இறகைக் கற்பனை செய்து, அது கீழே விழாதபடி நிதானமாக மூச்சுவிடச் சொல்கிறான். விளையாடுபவரும் பட்டனை அழுத்தியும் விட்டும் அந்த இறகை மிதக்க வைக்க வேண்டும். புத்தகத்தில் படிக்கும்போது கிடைக்காத அனுபவம் இது. கை அந்தத் தாளத்தைப் பழகிக்கொள்கிறது.

சில நாள் பலிக்காததற்கும் அந்த விளையாட்டிலேயே இடம் இருக்கிறது. பின்னொரு கட்டத்தில் மேடலின் அதே இறகைக் கொண்டு, தன் அச்சமும் கோபமும் உருவெடுத்து வந்த நிழலுருவத்தை விரட்டப் பார்க்கிறாள். நிழலுருவம் இறகையே வெட்டி எறிகிறது. மேடலின் மலையடிவாரத்துக்கு விழுகிறாள். அந்த உருவத்தோடு உட்கார்ந்து பேசிச் சமாதானம் ஆன பிறகுதான், முன்பு ஒருமுறை மட்டுமே பாயக்கூடிய இடத்தில் இருமுறை பாயும் திறன் அவளுக்குக் கிடைக்கிறது. மூச்சுப்பயிற்சி அந்த நேரத்து நெருக்கடியைத் தாண்ட உதவும். படபடப்புக்குக் காரணமானதை அதனால் விரட்ட முடியாது என்று விளையாட்டு தான் கற்றுக்கொடுத்த பாடத்தையே திருத்திக்கொள்கிறது. தன் அறிவுரைக்கு எல்லை உண்டு என்று ஒப்புக்கொள்ளும் சுயமுன்னேற்ற நூல்கள் எத்தனை இருக்கும்?

பயிற்சியை விடாதீர்கள். எந்தப் பாடத்தை நினைத்தால், யாருடைய எதிர்பார்ப்பை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, நம்பிக்கையான ஒருவரிடம் காட்டுங்கள். தூக்கமோ சாப்பாடோ கெடும் அளவுக்குப் போனால் மனநல மருத்துவரைப் பாருங்கள்; அதுவரை அரசின் டெலிமானஸ் உதவி எண்ணான 14416-ஐக் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.